நூறு கஜத்துக்குள் ஒரு வேலை

(பள்ளி நலக் கல்வியும் புற்றுநோய்த் தடுப்பும் குறித்துத் திருப்பூரில் நடந்த கருத்தரங்கின் தலைமை உரை)



நான் வாய்நோய் மருத்துவம் பார்ப்பவன். இரண்டு நாளும் உங்கள் ஆய்வுகளைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன். ஆனாலும் தலைமை ஏற்றவன் ஒரு கருத்தையாவது உங்கள் முன் வைக்க வேண்டும். துணியைக் காப்பதற்கு இந்த ஊர் கற்றுக்கொண்டது ஏராளம். அதையெல்லாம் அந்தத் துணியைத் தைக்கிற மனிதரையும் அவருடைய பிள்ளையையும் காப்பதற்குப் பயன்படுத்த வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் சொல்கிறேன் என்பதை விளக்கிவிடுகிறேன்.

நம் அழைப்பிதழில் இரண்டு பொருள்கள் அச்சாகியிருக்கின்றன: பள்ளிகளில் வெயில் பாதுகாப்பு, புகைப் பழக்கத்தை விடுதல். முதல் பொருளுக்கு உலகமே எடுத்துக்காட்டும் நாடு ஆஸ்திரேலியா. வெள்ளைத் தோலும் கடும் வெயிலும் சேர்ந்ததால் தோல் புற்றுநோய் அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த நோயாகிவிட்டது. 1981-இல் ஒரு கடற்பறவைக் கேலிச்சித்திரத்தைத் தொலைக்காட்சியில் ஆடவிட்டு, சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று பிள்ளைகளுக்குப் பாட்டாகவே சொல்லிக்கொடுத்தார்கள். 1988-இல் சன்ஸ்மார்ட் என்ற வெயில் பாதுகாப்புத் திட்டம் வந்தது. பிறகு பள்ளிகளில் தொப்பி இல்லாத பிள்ளைக்கு மைதானத்தில் விளையாட்டு இல்லை என்பது விதியாயிற்று. மைதானத்தில் நிழல் அமைத்தார்கள். உச்சி வெயிலில் பிள்ளைகளை வெளியே விடாதபடி நேரத்தை மாற்றினார்கள். ஆசிரியரும் தொப்பி வைத்துக்கொண்டார். பாடம், விதி, சூழல், பெரியவரின் நடத்தை ஆகிய நான்கும் ஒரே சொல்லைச் சொன்னதால் அது பிள்ளையின் பழக்கமாகிவிட்டது.

இதை அப்படியே திருப்பூருக்குக் கொண்டுவரலாமா? நம் தோலில் உள்ள கருநிறமி வெயிலின் புற ஊதாக் கதிரைப் பெரிதும் தடுத்துவிடுகிறது. அதனால் தோல் புற்றுநோய் நம்மிடம் குறைவு. கருநிறத் தோலில் வரும் மெலனோமா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற இடங்களில்தான் வருகிறது. அதற்கு வெயில் காரணமில்லை. ஆனால் பிறவியிலேயே நிறமி இல்லாமல், வெளுத்த முடியும் கூசும் கண்ணுமாக வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை மறந்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு வெயில் உண்மையாகவே புற்றுநோய் தரக்கூடியது. தொப்பி, முழுக்கைச் சட்டை, நிழலில் ஓர் இடம் ஆகிய மூன்றையும் பள்ளி கேட்காமலே தர வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கும் வெயில் பாடம் தேவைதான். அவர்களுக்கு அது வெப்பத் தாக்குதலிலிருந்தும் கண் கெடுவதிலிருந்தும் காக்கும் பாடம்.

2022 டிசம்பர் 29-இல் ஆஸ்திரேலியாவுடனான வர்த்தக ஒப்பந்தம் நடப்புக்கு வந்தது. நாம் தைக்கும் ஆடை வரியில்லாமல் அங்கே போய், அந்த ஊர்ப் பிள்ளையின் தோலுக்கும் வெயிலுக்கும் நடுவே நிற்கிறது. பதிலுக்கு அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பிள்ளையின் பழக்கத்தை மாற்றிய அந்த நாலுமுனை முறை. அதை நம் ஊரில் எதன்மேல் செலுத்துவது? நம் பிள்ளை பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் கண்ணெதிரே சரம் சரமாகத் தொங்குகிறதே, அந்தப் புகையிலையின் மேல்.

இந்தியாவில் வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய 27 சதவீதம் புகையிலையோடு தொடர்புடைய உறுப்புகளில் வருகிறது என்று தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 2020-இல் கணித்தது. வாய், நாக்கு, தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல், சிறுநீர்ப்பை என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. 2016-17 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார். இந்தப் பழக்கத்தை வடக்கேயிருந்து வந்த தொழிலாளிகள் கொண்டுவந்ததாகச் சிலர் பேசுகிறார்கள். அது சரியல்ல. வாயில் அடக்கும் கைனி அவர்களுடையது என்றால், வெற்றிலையோடு சேர்ந்த புகையிலையும் பீடியும் தலைமுறை தலைமுறையாக நம்முடையவை.

சிறுநீர்ப்பை என்றதும் இந்த ஊருக்கு ஒன்று நினைவுக்கு வர வேண்டும். 1895-இலேயே ஜெர்மனியின் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதை எழுதிவைத்தார். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, 1994-இல், புற்றுநோய் தரும் அமீன்களை வெளிவிடும் அசோ சாயங்களுக்கு ஜெர்மனி தடை கொண்டுவந்தது. இந்திய அரசும் 1990-களில் 112 சாயங்களைத் தடை செய்தது. அப்போது திருப்பூர் என்ன செய்தது? சாயத்தை மாற்றியது. துணியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கியது. அதே சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு இன்று முதன்மையான காரணம் புகை. சாயத்தில் இருந்ததைப் போன்ற அமீன்கள் சிகரெட் புகையிலும் இருக்கின்றன. தூர தேசத்தில் சட்டை போடுகிறவருக்காக ஒரு நஞ்சைக் கைவிட்ட ஊர், அந்தச் சட்டையைத் தைக்கிறவருக்காக அதே நஞ்சை எதிர்க்க முடியாதா?

பனியன் கம்பெனிக்குள் புகை பிடிக்க முடியாது. பஞ்சுத் தூசியில் ஒரு பொறி விழுந்தால் போதும், எல்லாம் போய்விடும். அந்தத் தடையை எல்லாரும் மதிக்கிறார்கள். ஆனால் அது துணியைக் காக்கப் போட்ட தடை. அதனால் உள்ளே புகையிலைப் பொட்டலம் பரவியது. பீஸ் ரேட்டில் தைப்பவர் மெஷினை விட்டு எழுந்து, வாசல் தாண்டிப் போய்ப் புகைக்க முடியாது. உதட்டுக்குள் அடக்கிக்கொண்டால் இரண்டு கையும் துணியிலேயே இருக்கும்.

என்னிடம் வந்த ஓர் ஓவர்லாக் டெய்லரைச் சொல்கிறேன். வயது முப்பத்தைந்துக்குள். "ரசஞ்சோறு கூட எரியுதுங்க டாக்டர்" என்றார். வாயைத் திறக்கச் சொன்னேன். அவருடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நுழைக்கச் சொன்னேன். ஒன்றரை விரலுக்கு மேல் போகவில்லை. கன்னத்தின் உட்புறம் பளிங்குபோல வெளுத்து, தொட்டால் நார்நாராகத் தட்டுப்பட்டது. பாக்குக் கலந்த பொட்டலம் செய்கிற வேலை அது. அந்த நார் மறுபடி பழைய சதையாகாது. சிலருக்கு அதிலேயே புற்று எழும். எப்போது தொடங்கினீர்கள் என்று கேட்டேன். "ஒன்பதாவது படிக்கையிலங்க. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடியே கடை" என்றார்.

அந்த விடையில்தான் இந்தக் கருத்தரங்கின் வேலை இருக்கிறது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம், கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு எங்குமே விற்கக் கூடாது என்கிறது. 2013-இல் குட்காவுக்கும் பான்மசாலாவுக்கும் தமிழக அரசு தடை விதித்தது. சட்டம் இருக்கிறது. ஆனால் "அப்பாவுக்கு ஒரு கட்டு பீடி" என்று கேட்கும் பையனிடம் எந்தக் கடைக்காரரும் வயது கேட்பதில்லை. சிகரெட் அட்டையின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. பெட்டிக்கடையில் அட்டையாக வாங்குகிறவர் எத்தனை பேர்? டீயோடு ஒரே ஒரு சிகரெட் உதிரியாகக் கைக்கு வருகிறது. அதில் படமும் இல்லை, உதவி எண்ணும் இல்லை. எச்சரிக்கை கடைக்காரரின் டப்பாவுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

தலைமையாசிரியர்களுக்கு என் வேண்டுகோள். 100 கஜம் என்றால் ஏறத்தாழ 91 மீட்டர்.  ஒரு நாள் பிள்ளைகளின் கையில் டேப்பைக் கொடுத்து, பள்ளி மதிலிலிருந்து அந்தத் தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். அங்கே மஞ்சள் கோடு போடுங்கள். அறிவியல் வகுப்பில் மூன்று விரல் சோதனையைச் சொல்லிக்கொடுங்கள். வீட்டில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். வாயில் ஆறாத புண், வெண்படலம், காரம் எரிவது என்ற மூன்று அறிகுறிகளும் தெரிந்த பிள்ளை வீட்டுக்கு ஒரு சுகாதாரப் பணியாளராகும். ஆசிரியர் பள்ளி வாசலில் புகைத்தால் இத்தனையும் வீண்.

கம்பெனி உரிமையாளர்களுக்கும் ஒன்று. தடுப்பதோடு நில்லாமல், விடுவதற்கு உதவுங்கள். நிகோட்டின் ஏக்கம் முதல் சில நாள்தான் உச்சத்தில் இருக்கும். சில வாரத்தில் தணியும். ஒவ்வொரு முறை எழும் ஏக்கமும் சில நிமிடத்தில் அடங்கும். 1800 11 2356 என்ற கட்டணமில்லா எண்ணில் பல மொழிகளில் ஆலோசனை கிடைக்கிறது. ஒன்றரை ஷிஃப்ட் முடித்துச் சோர்ந்தவர் இரவில் எங்கே பேசுவார்? வேலை நேரத்திலேயே பத்து நிமிடம் விடுங்கள். அந்த எண்ணைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் டைம் ஆபீஸ் சுவரில் எழுதுங்கள். பவர் டேபிள் தையல் யூனிட்களுக்கும் தொழிலாளர் ஹாஸ்டல்களுக்கும் அதைக் கொண்டுபோங்கள்.

இனிமேல் விட்டு என்ன பயன் என்பவர்களுக்கு விடை இருக்கிறது. பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டு பின்தொடர்ந்து ரிச்சர்ட் டாலும் ரிச்சர்ட் பீட்டோவும் 2004-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புகையை முப்பது வயதில் விட்டவர் ஏறத்தாழ பத்து ஆண்டு ஆயுளை மீட்கிறார். நாற்பதில் விட்டால் ஒன்பது ஆண்டு. ஐம்பதில் ஆறு. அறுபதிலும் மூன்று.

1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, இந்த நோய் வந்தால் சாவுதான் என்று ஊரே நம்பியது. அதே மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் சாந்தா 2021-இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்து, ஏழைக்கும் சிகிச்சை உண்டு என்று காட்டிவிட்டுப் போனார். அவர்கள் வந்த நோயாளியைக் காத்தார்கள். நோயாளியே வராமல் காப்பது நம் தலைமுறையின் பொறுப்பு.

இரண்டு நாள் கழித்து நாம் கலையும்போது, தீர்மானங்களோடு ஒரு பள்ளியின் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள். அடுத்த வாரம் அந்தப் பள்ளி மதிலிலிருந்து 100 கஜம் அளந்துவிடுங்கள். கோட்டுக்குள் ஒரு பொட்டலமும் தொங்கக் கூடாது. இந்த வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.