பாரியோவுக்கு மூன்று பீப்பாய் டீசல்: கணினித் திரையில் சரக்கு விமானம் ஓட்டுவோர் எந்த விமானத்தைத் தேர்ந்தெடுப்பது?



கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு என்றால், பெரிய ஏர்பஸ் ஒன்றைக் கோலாலம்பூரில் கிளப்பி லண்டனில் இறக்குவதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு வகை. ஏறியதும் தானியங்கிக் கருவியை முடுக்கிவிட்டு, தேநீர் கலக்கப் போய்விடலாம். திரும்பி வந்தாலும் விமானம் இந்தியப் பெருங்கடலுக்கு மேலேதான் பறந்துகொண்டிருக்கும். இன்றைய உரை அதைப் பற்றியது அல்ல. மலைக்கும் காட்டுக்கும் நடுவே, கூப்பிடு தூரத்தில் முடிந்துவிடும் ஓடுபாதைகளுக்கு அரிசியும் மருந்தும் எரிபொருளும் கொண்டு செல்லும் சிறிய விமானங்களைப் பற்றியது. இந்த வகைப் பறத்தலில் கைதேர்ந்தவர்கள் அலாஸ்காவிலும் பாப்புவா நியூ கினியிலும் நேப்பாளத்திலும் இருக்கிறார்கள். நமது சரவாக்கிலும் இருக்கிறார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

"பரீட்சை வருது, இன்னும் என்ன பிளேன் ஓட்டிக்கிட்டு இருக்க?" என்று வீட்டில் அம்மா சத்தம் போடுவது நியாயம்தான். ஆனால் பிள்ளை எந்த விமானத்தை, எவ்வளவு எடையோடு, எங்கே ஓட்டுகிறான் என்பதைப் பொறுத்து, அது வெறும் விளையாட்டா அல்லது கணக்கும் பௌதிகமும் சேர்ந்த பயிற்சியா என்பது தீர்மானமாகிறது.

எடுத்துக்காட்டாக ஒரு கற்பனைப் பணியை வைத்துக்கொள்ளலாம். மீரியிலிருந்து பாரியோவுக்கு ஜெனரேட்டருக்கான டீசல் போக வேண்டும். 200 லிட்டர் பீப்பாய்கள் மூன்று. திரும்பும்போது பாரியோ அரிசி வர வேண்டும். எந்த விமானம்?

பாரியோ, கெலாபிட் மக்கள் வாழும் மேட்டுநிலம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மரம் வெட்டும் நிறுவனங்கள் போட்ட மண் சாலை வழியாக நான்கு சக்கர வாகனத்தில் போகலாம் என்றாலும், அது பல மணி நேரப் பயணம். மழை பிடித்துவிட்டால் அந்தச் சாலையை நம்ப முடியாது. ஆகவே தலைமுறை தலைமுறையாக விமானம்தான் அவர்களுடைய பேருந்து, லாரி, அவசர மருத்துவ வண்டி எல்லாம்.

இந்த மேட்டுநிலத்துக்கும் சிறிய விமானத்துக்கும் உள்ள உறவு போர்க்காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1945 மார்ச் மாதம் டாம் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் தம் குழுவோடு பாரியோ சமவெளியில் பாராசூட்டில் குதித்தார். பின்னர் எல்லைக்கு அப்பால் பெலாவிட் என்ற இடத்தில், சேற்று வயலின் மேல் பிளந்த மூங்கிலைப் பரப்பி ஓடுபாதை அமைத்தார்கள். ஆஸ்டர் என்ற சிறிய விமானங்கள் அந்த மூங்கில் பாயில் வந்து இறங்கின. பிற்காலத்தில் ஐலண்டர் விமானங்களும், அதன்பின் டுவின் ஓட்டர் விமானங்களும் சரவாக் உட்புறச் சேவையில் பறந்தன. 2007 அக்டோபரில் மாஸ்விங்ஸ் அந்தச் சேவையின் பொறுப்பை ஏற்றபோதும், பாரியோவுக்குப் போனது டுவின் ஓட்டர்தான். அது ஏன் என்பதற்கு விடை கணக்கில் இருக்கிறது.

எடைக் கணக்கு

ஒரு லிட்டர் டீசல் சுமார் 0.84 கிலோ. 200 லிட்டருக்கு 168 கிலோ. இரும்புப் பீப்பாயின் எடையையும் சேர்த்தால் ஒன்று 185 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றுக்கு 555 கிலோ.

புதிதாக இத்துறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தொடுவது பைப்பர் சூப்பர் கப். 1949-இல் வந்த, துணி போர்த்திய, முன்னும் பின்னுமாக இருவர் உட்காரும் விமானம். ஆற்று மணலில் கூட இறங்கும், பார்க்கவும் அழகு. அதன் மொத்த எடை வரம்பு 794 கிலோ. விமானம், விமானி, எரிபொருள் எல்லாம் போக 200 கிலோ சுமக்கும் போலத் தோன்றும். ஒரு பீப்பாய்க்கு இது போதுமே என்று நினைக்கலாம். ஆனால் பீப்பாய் கதவுக்குள் நுழையாது! கணினி இதைச் சொல்லாது. எடையை ஏற்றும் பெட்டியில் எண்ணைத் தட்டினால் அது பேசாமல் ஏற்றுக்கொள்ளும். சரக்கு விமானத்தில் எடையைப் போலவே கதவின் அகலமும் முக்கியம் என்பது, முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டிய பாடம்.

அடுத்தது செஸ்னா 206. 300 குதிரைத்திறன், மொத்த எடை 1,633 கிலோ, வலப்பக்கத்தில் இரட்டைக் கதவு. வெறும் விமானம் ஏறத்தாழ 1,000 கிலோ. விமானிக்கு 80 கிலோ. பாரியோவில் எரிபொருள் நிரப்ப முடியாது என்று வைத்துக்கொண்டு, போக, வர, அதற்கு மேல் முக்கால் மணி நேரத்துக்குக் கையிருப்பு என்று பெட்ரோல் எடுத்தால் சுமார் 95 கிலோ. மீதி 450 கிலோவை ஒட்டி வரும். அதாவது இரண்டு பீப்பாயும் சில மூட்டைகளும். மூன்றாவது பீப்பாய்க்கு இன்னொரு பயணம் போக வேண்டும். அந்த இரண்டு பீப்பாயையும் வாலை நோக்கித் தள்ளிவிட்டால் எடை சரியாக இருந்தும் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு அடங்க மறுக்கும். நல்ல மென்பொருள்கள் இதைத் துல்லியமாகவே காட்டுகின்றன.

பீவர் விமானத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கனடாவின் டி ஹாவிலண்ட் நிறுவனம் தயாரித்தது; 1947 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்தது. 1,600-க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. 1967-இல் உற்பத்தி நின்றுபோனது. ஆனாலும் இன்றுவரை அலாஸ்காவிலும் கனடாவிலும் உழைத்துக்கொண்டிருக்கிறது. காட்டு விமானிகளிடம் கேட்டுக் கேட்டு வடிவமைத்த விமானம் என்பது அதன் ஒவ்வொரு மூலையிலும் தெரியும். கதவு, பீப்பாயை உருட்டி ஏற்றும் அளவுக்கு அகலம். என்ஜின் எண்ணெயைப் பறந்துகொண்டிருக்கும்போதே விமானி அறையிலிருந்து ஊற்றலாம். கடுங்குளிரில் வெளியே நின்று எண்ணெய் ஊற்றியவர்களுக்கு இதன் அருமை தெரியும். 450 குதிரைத்திறன். மொத்த எடை 2,313 கிலோ. உபகரணங்களோடு வெறும் விமானம் 1,450 கிலோ, விமானி 80, பெட்ரோல் 170 என்று கழித்தால் 600 கிலோவுக்குச் சற்று மேல் மிஞ்சும். மூன்று பீப்பாயும் ஏறிவிடும்!

ஆனால் பீவருக்கு வால் பக்கம்தான் சிறு சக்கரம். இறங்கிய பிறகு கால் மிதிகளைக் கவனமாக இயக்காவிட்டால் பம்பரம் போல் சுற்றிவிடும். மேசையில் ஒரு சாதாரண ஜாய்ஸ்டிக்கை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பழகுவது சிரமம். கால் மிதி வாங்க வசதியில்லாதவர்கள், குறைந்தது முறுக்கித் திருப்பக்கூடிய ஜாய்ஸ்டிக்காவது வைத்திருப்பது நல்லது. 2006-இல் வந்த மைக்ரோசாப்ட் பதிப்பிலேயே பீவர் உடன் வந்தது. ஆகவே பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கும் இது எட்டாத ஒன்றல்ல.

காற்றும் ஒரு சரக்கு

எடைக் கணக்கு முடிந்தது என்று புறப்படுகிறவர்கள் பாரியோவில் இறங்கிவிடுவார்கள். திரும்பக் கிளம்பும்போதுதான் சிக்கல் வரும்.

மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. வெயில் ஏறினால் இன்னும் மெலிகிறது. பாரியோவின் உயரம் 3,300 அடிக்குச் சற்று மேல். அந்த உயரத்தில் விமானத் துறையின் அளவுகோல்படி வெப்பம் 8 பாகைதான் இருக்க வேண்டும். நண்பகலில் 25 பாகை என்றால் 17 பாகை கூடுதல். ஒவ்வொரு பாகைக்கும் 120 அடி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது விமானிகளின் கைக்கணக்கு. ஏறத்தாழ 2,000 அடி சேருகிறது. ஆக, தரையில் நிற்கும் விமானம், தான் 5,300 அடி உயரத்தில் இருப்பதாகவே உணர்கிறது. சாதாரண பெட்ரோல் என்ஜின் ஆயிரம் அடிக்கு 3 விழுக்காடு பலம் இழக்கும். செஸ்னா 206-இன் 300 குதிரைகளில் 50 குதிரைகள் மீரியிலேயே தங்கிவிட்டன என்று பொருள். பீவரின் என்ஜினில் காற்றை அழுத்தி ஊட்டும் அமைப்பு இருப்பதால் அதற்கு அவ்வளவு நட்டமில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேகமானி முள் வழக்கமான வேகத்தைத்தான் காட்டும். ஆனால் மெல்லிய காற்றில் தரை மீதான வேகம் அதைவிடக் கூடுதல். விமானம் எழும்பவும் நிற்கவும் கூடுதல் தூரம் கேட்கும். பாரியோ ஓடுபாதையின் நீளமோ ஏறத்தாழ 700 மீட்டர்தான்.

இப்போது கிராண்ட் காரவன் விமானத்தை எடுத்துக்கொள்வோம். செஸ்னா தயாரிப்பு, புதிய ரகத்தில் 867 குதிரைத்திறன், மொத்த எடை 3,995 கிலோ. கணினிப் பறத்தலில் இதற்குத்தான் ரசிகர்கள் அதிகம். மூன்று பீப்பாய் என்ன, ஐந்து பீப்பாயும் ஏறும். ஆனால் முழு எடையில், கடல் மட்டத்திலேயே, 50 அடி உயரத் தடையைத் தாண்ட அதற்கு 650 மீட்டருக்கு மேல் வேண்டும். பாரியோவின் நண்பகல் காற்றில் அந்தத் தூரம் போதாது. ஆகவே காரவனை எடுப்பவர்கள் திரும்பி வரும்போது அரிசியைக் குறைக்க வேண்டும், அல்லது விடியற்காலைக் குளிரில் கிளம்ப வேண்டும். "ஏறுது, ஆனா எழும்பலையே" என்று மென்பொருளைக் குறை சொல்லும் பலர், இந்தக் கணக்கைப் போடாதவர்களே.

டுவின் ஓட்டர் 1965-இல் முதன்முதலில் பறந்தது. இரண்டு டர்பைன் என்ஜின்கள். மொத்த எடை 5,670 கிலோ. அதாவது காரவனை விடக் கனமானது. ஆனால் குறுகிய ஓடுபாதை முறையில், கடல் மட்டத்தில் 366 மீட்டரில் அதே 50 அடித் தடையைத் தாண்டிவிடும். இறங்கிய பிறகு புரொப்பெல்லர்களைப் பின்னோக்கி இழுக்கச் செய்து நிறுத்தலாம். பாரியோ கணக்கில் ஏறத்தாழ 1,400 கிலோ சரக்கு கொண்டுபோகும். உண்மையான சேவைக்கு அதையே வைத்திருந்ததன் காரணம் இப்போது விளங்கும். முலு, தாமா அபு மலைகளுக்கு மேலே, கீழே இறங்க இடமே இல்லாத காட்டில், ஒரு என்ஜின் நின்றாலும் இன்னொன்று இருக்கிறது என்பதும் சிறிய ஆறுதல் அல்ல.

இருந்தும், தொடக்கக்காரர்களுக்கு டுவின் ஓட்டர் ஏற்றதல்ல என்றே சொல்ல வேண்டும். அது தவறுகளை மன்னித்துவிடுகிறது. இரண்டு என்ஜின்களின் கடிகாரங்களைப் பார்ப்பதிலேயே கவனமும் போய்விடும். செஸ்னா 206-இல் 50 பயணம், பிறகு பீவர், அதன்பின் டுவின் ஓட்டர் என்பதே நல்ல வரிசை. பைலட்டஸ் போர்ட்டர் மீது சிலருக்குத் தனிக் காதல் உண்டு. 200 மீட்டருக்குள் தரையை விட்டு எழும்பும் அந்த விமானம், பாரியோவை விடக் குட்டையான, சரிவான பாதைகள் உள்ள பாப்புவா மலைகளுக்குத்தான் பொருந்தும். நேப்பாளத்தின் லுக்லா ஓடுபாதை 527 மீட்டர் நீளம், 11 விழுக்காட்டுக்கு மேல் சரிவு, 2,800 மீட்டருக்கு மேல் உயரம். மேட்டை நோக்கி இறங்கி, பள்ளத்தை நோக்கிக் கிளம்ப வேண்டும். அங்கே போவது பிறகு.

இந்தப் பொழுதுபோக்கில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. திரையில் யாரும் சாவதில்லை. 300 கிலோ கூடுதலாக ஏற்றினாலும் கேட்பார் இல்லை. மரத்தில் மோதினால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். 2024 நவம்பரில் வெளியான மைக்ரோசாப்ட் பதிப்பில் சரக்குப் பணிகளைச் செய்து உரிமம் பெற்று முன்னேறும் முறை இருக்கிறது. அதிலும் கூட, விரைந்து பணம் சேர்க்கும் ஆசையில் வானிலையைப் பாராமல் கிளம்புகிறவர்கள் உண்டு. உண்மையான மலை விமானி, மேகம் இறங்கிவிட்டால் பயணிகளைத் திரும்ப அழைத்துக்கொண்டு வந்துவிடுவார். பாரியோவில் காத்திருப்பவர்களுக்கு அன்று மருந்து வராது. முணுமுணுப்பார்கள், ஆனால் மறுநாள் விமானம் வரும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்துக்கொண்டு, கிளம்பும் முன் எடை, எரிபொருள், வெப்பம், ஓடுபாதை நீளம் நான்கையும் எழுதி, ஓடுபாதையின் பாதியில் எந்த வேகம் இருக்க வேண்டும் என்றும் குறித்துக்கொள்ளலாம். பாதி தூரத்தில், எழும்பும் வேகத்தின் 70 விழுக்காடு வரவில்லை என்றால் விசையைக் குறைத்து நிறுத்திவிட வேண்டும் என்பது காட்டு விமானிகளின் பழைய வழக்கம்.

முதல் பயணத்துக்குப் பீப்பாய்கள் வேண்டாம். காலை ஏழு மணிக்கு, வெறும் செஸ்னாவோடு மீரியிலிருந்து கிளம்பி, இடப்பக்கம் முலு மலையைப் பார்த்துக்கொண்டு போய், பாரியோ ஓடுபாதையின் மேல் ஒருமுறை வட்டமிட்டு, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து இறங்குங்கள். என்ஜினை நிறுத்தியதும், பெட்ரோல் எவ்வளவு மீதி என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் பயணத்தின் கணக்கு அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும்.