எரிந்த வீட்டுக்குக் கணக்கு எழுதுவது யார்?

(வாலிகண்டபுரத்தில் இளைஞர்கள் கூடிய ஒரு படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருத்தரைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களே, பாலிசி விற்கப் போகிறாரோ என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. இன்றைக்கு விற்கவில்லை. ஆனால் வீடு சேதமானால் எழுத வேண்டிய காகிதங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இந்த ஊர் வாலீஸ்வரர் கோயிலைப் போல, சோழர் காலக் கோயில்களின் சுவரெல்லாம் நிலக் கணக்குதான். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஊர் ஊராக நிலத்தைக் கணக்கிடும்போது, ஊர்நத்தம், சுடுகாடு, பறைச்சேரி இதையெல்லாம் வரி இல்லாத நிலம் என்று கழித்துவிட்டு மீதியை எழுதுகிறது. சேரி அந்தக் கணக்குக்குள் வருவதே கழிக்கப்படுவதற்காகத்தான். ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனி, தாலுகா ஆபீஸ் இரண்டிலும் அந்தக் கழித்தலை நான் இன்னமும் பார்க்கிறேன்.

பொன்பரப்பி உங்களுக்குத் தூரமில்லை. 2007இல் அரியலூர் பிரியும்வரை நாமும் அவர்களும் ஒரே மாவட்டம். 2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் நாள். சிதம்பரம் தொகுதியில் தொல். திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்றார். அன்று பொன்பரப்பி தலித் தெருவுக்குள் கும்பல் புகுந்து ஏறக்குறைய 20 வீடுகளைச் சேதப்படுத்தியது. அதற்கு முன் 2012 நவம்பர் 7, தருமபுரி. நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்றிலும் சேர்த்து 250க்கும் மேற்பட்ட வீடுகள். அங்கே பீரோவை உடைத்து நகையை எடுத்தார்கள், பிள்ளைகளின் சர்டிபிகேட்டையும் கொளுத்தினார்கள். பெங்களூருக்குப் போய் உழைத்துக் கட்டிய வீடுகள் பல. கோபம் அந்தச் சிமெண்டு சுவர் மேல்தான் என்று எனக்குப் படுகிறது.

அப்படிச் சேதமானால் சட்டம் என்ன சொல்கிறது? வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 12: கலெக்டரும் எஸ்.பி.யும் சம்பவ இடத்துக்கு வந்து சொத்துச் சேதத்தைக் கணக்கிட்டு, பாதிக்கப்பட்டவர்கள் பட்டியல் எடுக்க வேண்டும். 2016 திருத்தத்துக்குப் பிறகு ஏழு நாளுக்குள் நிவாரணம் தர வேண்டும். வீடு எரிந்தாலோ முழுக்க அழிந்தாலோ அரசு செலவில் செங்கல் வீடோ கல் வீடோ கட்டித் தர வேண்டும் என்று அட்டவணையில் இருக்கிறது. அது சலுகை இல்லை, பாதுகாக்கத் தவறிய அரசின் கடன். ஆனால் எப்.ஐ.ஆரில் அந்தச் சட்டத்தின் பிரிவு இருந்தால்தான் இந்தக் கதவு திறக்கும். வெறும் ‘தகராறு’ என்று பதிந்துவிட்டால் திறக்காது. எப்.ஐ.ஆர் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வரி எரிந்த வீட்டையும் அழிந்த வீட்டையும்தான் பேசுகிறது. ஓடு நொறுங்கி, கதவு பிளந்து, டிவி உடைந்து நிற்கும் வீட்டுக்கு, அதிகாரி எழுதும் சேதக் கணக்கைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. இன்சூரன்ஸ் கொஞ்சம் உதவுவது அங்கேதான். 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரி வீட்டுப் பாலிசியை விற்க வேண்டும். தீ, புயல், வெள்ளத்தோடு கலவரமும் வேண்டுமென்றே செய்யும் சேதமும் அதில் அடங்கும். வீட்டுச் சாமானுக்கு மட்டும்கூட எடுக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களும் எடுக்கலாம். நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். ரொக்கமும் வண்டியும் அதில் வராது. வாசலில் எரிக்கப்பட்ட பைக்குக்கு வண்டியின் முழு பாலிசி வேண்டும். வெறும் தேர்டு பார்ட்டி பைசா தராது.

இப்போது என் அனுபவம். ஊர்ப் பெயர் வேண்டாம். திருவிழா இரவு கல்லெறியில் ஒரு அக்காவின் சிமெண்டு ஷீட்டு, ஜன்னல், டிவி எல்லாம் போய்விட்டது. “நமக்கு ஏது தம்பி இன்சூரன்ஸ்?” என்றார். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். வீட்டுக் கடன் கொடுத்தபோதே பிரீமியம் பிடித்திருந்தார்கள், அவருக்குச் சொல்லவே இல்லை. கடன் வாங்கியிருந்தால் இன்றிரவே உங்கள் பாஸ்புக்கைப் பாருங்கள்.

கிளைம் போட்டோம். சர்வேயர் வந்தார். மெயின் ரோடு டீக்கடையிலேயே உட்கார்ந்துகொண்டு, “தெருவுக்குள்ள வரணுமா? போட்டோ இருந்தா காட்டுங்க” என்றார். போட்டோவில் டிவியைப் பார்த்துவிட்டு, “இந்த வீட்ல இவ்ளோ பெரிய டிவியா? பில் இருக்கா?” என்று கேட்டார். பக்கத்து ஊரில் ஒரு மாடி வீட்டு கிளைமுக்கு இதே ஆளுடன் போயிருக்கிறேன். அங்கே அவர் பில் கேட்கவில்லை, காபி குடித்தார்.

தொகையைப் பாதிக்குமேல் வெட்டினார்கள். சர்வே ரிப்போர்ட் நகல் கேட்டோம். ‘நேரில் பார்வையிட்டேன்’ என்று எழுதியிருந்தார். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குக் கடிதம் போட்டோம், தெருவில் ஒன்பது பேர் சாட்சிக் கையெழுத்து. அக்கா டிவி தவணை அட்டையைத் தேடி எடுத்தார். இரண்டாவதாக வந்தவர் தெருவுக்குள் நடந்தார், ஷீட்டை எண்ணினார். கூரைக்கும் டிவிக்கும் பணம் வந்தது. தோடு போனது போனதுதான், பாலிசியில் அது இல்லை.

அவர்களும் மறுத்திருந்தால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். முதலில் கம்பெனிக்கு எழுத வேண்டும். ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் அங்கே போகலாம். பதில் வந்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம்.

இன்சூரன்ஸ் நம்மை விடுதலை செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நீங்களே என்னை இறக்கிவிட வேண்டும். நாளைக்கு ஒரு அதிகாரி, “உங்களுக்குத்தான் இன்சூரன்ஸ் பணம் வந்துருச்சே” என்று நிவாரணத்தைத் தள்ளினால், விடாதீர்கள். பிரீமியம் நீங்கள் கட்டியது, நிவாரணம் அரசு கட்ட வேண்டியது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை வெட்ட விடக்கூடாது.

இப்போதே போனை எடுங்கள். வீட்டின் ஒவ்வொரு அறையும், கூரையும், மீட்டர் பெட்டியும், பட்டாவும், ரேஷன் கார்டும், பிள்ளைகளின் சர்டிபிகேட்டும். எடுத்ததை வெளியூரில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பிவையுங்கள், நம்ம போனும் வீட்டோடு எரியலாம். ஏதாவது நடந்துவிட்டால், சர்வேயரும் வருவாய்த் துறை ஆளும் பார்க்கும்முன் இடிபாட்டைக் கூட்டி அள்ளாதீர்கள். அம்மாக்கள் பொறுக்க மாட்டார்கள், விடிந்ததும் விளக்குமாறு எடுப்பார்கள். தடுத்து நிறுத்துங்கள்.

காலனி பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். நோட்டு கொண்டு வந்திருக்கிறேன், பெயரை எழுதிக்கொள்வோம். திங்கட்கிழமை காலையில் எல்லோரும் சேர்ந்தே தாலுகா ஆபீசுக்குப் போகலாம்.