நிரல்மொழிகளும் அவற்றின் பெயர்களும்



தமிழுக்குப் பெயரிட்டவர் யார் என்று வினவினால் நமக்கு விடை கிடைப்பதில்லை. நிரல்மொழிகளுக்கோ படைத்தவரும் தெரியும், பெயர்க்காரணமும் தெரியும். 'பி' என்ற மொழியை அடுத்து வந்தமையால் 'சி' எனப்பட்டது, அவ்வளவே. பைத்தான் என்றதும் மாணவர் மலைப்பாம்பை நினைப்பர். அதனைப் படைத்த கைடோ வான் ரோசம் நினைத்ததோ பிரித்தானிய நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை. பாம்பு பின்னர்ச் சின்னத்தில் வந்து குடியேறிவிட்டது!

நமக்கு அண்மையிலுள்ள பெயர் ஜாவா. ஜேம்ஸ் கோஸ்லிங் தம் அலுவலகத்திற்கு வெளியே நின்ற ஓக் மரத்தின் பெயரையே அம்மொழிக்கு முதலில் இட்டார். அது வேறொரு நிறுவனத்தின் வணிகக்குறியாக இருந்தமையால், 1995இல் ஜாவா என்ற பெயர் வெளிவந்தது. அது காப்பியின் பெயர். காப்பிக்கு அதைத் தந்ததோ ஒரு தீவு. மணிமேகலையில் ஆபுத்திரன் மறுபிறப்பில் ஆண்ட சாவக நாடு அத்தீவே என்று கருதுவோர் உளர். ஆக, கணினி வகுப்பில் நாளும் ஒலிக்கும் இச்சொல் நம் காப்பியத்திற்கும் உறவாகலாம்.

பெயரைக் கண்டு எவரும் நிரல்மொழியைத் தேர்வதில்லை. இலக்கண அழகுக்கும் பெரும்பாலும் இரண்டாம் இடமே. உடன் பணியாற்றுவோர் அறிந்தது எது, வேண்டிய நிரல்தொகுப்புகள் எம்மொழியில் முன்னரே உள்ளன, நிரல் எங்கே இயங்க வேண்டும் என்பனவே முடிவு செய்கின்றன. எல்லா உலாவிகளிலும் நெடுங்காலம் இயங்கியது ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றே. விரும்பாதோரும் அதனைக் கற்றனர்.

இவ்வளவைகளால் அளந்தால், முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழி தோற்றுவிடும். அதில் தேர்ந்தவரும் தொழிலுக்கு வேறொரு மொழியை நாடவே வேண்டும். எனினும், அது கற்பித்தலுக்கென எழுந்த மொழி; அதனை அங்கு வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது நம் கருத்து. அச்சிடுதலுக்கு அதில் 'பதிப்பி' என்று கட்டளையிடுகிறோம். ஆங்கிலச் சொற்களாலான மொழிகளில் 'இஃப்' முன்னே நிற்க, நிபந்தனை பின்னே வரும். எழிலில் நிபந்தனை முன்னே, 'ஆனால்' பின்னே. 'மழை பெய்தால்' என்று நாம் பேசும் முறையும் அதுவன்றோ?

தொடக்க வகுப்பில் எழிலில் பத்து வரி எழுதச் செய்து, அதனையே பைத்தானில் மாற்றச் சொல்லலாம். 'ஆனால்' ஏன் இடம் மாறியது என்ற வினா மாணவரிடமிருந்தே எழும். அதற்கு விடை கூறக் கணினி ஆசிரியர் ஒருவர் மட்டும் போதார். அன்று தமிழாசிரியரும் அவ்வகுப்பில் இருக்க வேண்டும்.