பங்கும் சூதும்

(தாம்பரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)

பங்கு வாங்குதல் அறமா, சூதா எனக் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் ஓய்வூதியர் வினவுகின்றனர். விடை தூத்துக்குடியில் உள்ளது.

1906-இல் வ.உ. சிதம்பரனார் கப்பற் குழுமம் தொடங்கினார். முதல் 10 இலக்கம் உருபா, பங்கு 40,000, பங்கொன்று 25 உருபா. அப்பணம் விலையேற்றத்தை நோக்கியதன்று. வெள்ளையரின் கடல்வாணிகத் தனியாட்சியை எதிர்த்தது. அதுவே பங்கின் அறம்.

ஆயினும், 1908-இல் அவர் சிறைப்பட்டார். 1911-இல் குழுமம் கலைக்கப்பட்டது. நற்றொழிலிலிட்ட முதலும் அழியக்கூடும்! ஆதலின், அடுப்பெரியவும் மருந்து வாங்கவும் வைத்த பணத்தைச் சந்தையில் இடுதல் தகாது.

தொழிலறிந்து, பொறுத்திருந்து, ஆக்கமும் கேடும் ஏற்பது பங்கு. தொழிலின் பெயரும் அறியாது கைப்பேசியிற் காலையில் வாங்கி மாலையில் விற்பது சூது. சூதைக் கடியத் தனியதிகாரமே வகுத்தார் வள்ளுவர்.

உழைப்பிற் பங்கு கொள்க! பிறர் இழப்பிற் பங்கு கொள்ளற்க!