ஓட்டில்லாத தலைநகரம்

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டன் நகரத்துக் கார்களின் நம்பர் பிளேட்டில், வரி கட்டுகிறோம், பிரதிநிதி இல்லை என்று பொருள்படும் வாசகம் ஒன்று இருக்கும். 2000ஆம் ஆண்டு முதல் நகர நிர்வாகமே அதை அச்சிட்டுக் கொடுக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக அமெரிக்கர்கள் எழுப்பிய அதே முழக்கம்தான்! 2020 கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 6,89,000 பேர் வசிக்கிறார்கள். வயோமிங் மாநிலத்தில் 5,77,000 பேர்தான். அவர்களுக்கு இரண்டு செனட்டர்கள் உண்டு. தலைநகரத்தாருக்குச் செனட்டில் ஒருவரும் இல்லை. கீழவையில் ஒரு பிரதிநிதி உண்டு. பேசலாம், சட்டம் நிறைவேறும்போது ஓட்டுப் போட முடியாது.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது? 1783இல் பிலடெல்பியாவில் சம்பளப் பாக்கி கேட்ட சிப்பாய்கள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கூடிய கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். பென்சில்வேனியா அரசு படை அனுப்பவில்லை. உறுப்பினர்கள் பிரின்ஸ்டனுக்கு ஓடினார்கள். எந்த மாநிலத்தின் தயவிலும் இல்லாத இடம் வேண்டும் என்ற எண்ணம் அப்போது வலுத்தது. நியாயம்தான். ஆனால் அதற்கு வெள்ளை மாளிகையும் நாடாளுமன்றமும் நீதிமன்றமும் இருக்கும் வட்டாரம் போதுமே. குடியிருப்புத் தெருக்கள் எதற்கு? அரசியல் சாசனம் தலைநகர் மாவட்டத்தின் அதிகபட்ச அளவைத்தான் சொல்கிறது, குறைந்தபட்சத்தைச் சொல்லவில்லை. 1846இலேயே அலெக்சாண்ட்ரியா பகுதியை வர்ஜீனியாவுக்குத் திருப்பிக் கொடுத்துமிருக்கிறார்கள்.

குடியிருப்புப் பகுதியைத் தனி மாநிலமாக்கலாம் என்றால், தனி மாநிலம் எதற்கு, பக்கத்து மேரிலாந்தோடு சேர்க்கலாமே என்பார்கள். 2016இல் நகர மக்களிடம் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் சுமார் 86 சதவீதம் பேர் தனி மாநிலமே கேட்டார்கள். ஜனநாயகக் கட்சிக்கு இரண்டு செனட்டர்கள் லாபம் என்பது இன்னொரு ஆட்சேபம். லாபம்தான், மறைப்பானேன்? 1889இல் டகோட்டாவை இரண்டு மாநிலங்களாகப் பிரித்தபோதும் குடியரசுக் கட்சி அந்தக் கணக்கைத்தான் போட்டது. நம் டெல்லி முழு மாநிலம் ஆகாமலே மக்களவைக்கு 7 பேரை அனுப்புகிறது, அந்த வழி போதாதா என்று கேட்கலாம். 1978இல் அதற்கான சாசனத் திருத்தம் கொண்டுவந்தார்கள். 38 மாநிலங்கள் ஏற்க வேண்டியிருக்க, 16தான் ஏற்றன. எனக்குக் கனமாகத் தெரியும் ஆட்சேபம் வேறு: 1961இன் 23ஆம் திருத்தம் அதிபர் தேர்தலில் மாவட்டத்துக்கு 3 தேர்வாளர் வாக்குகள் தந்தது. மாவட்டம் சுருங்கினால் அந்த மூன்றும் ஏறக்குறைய வெள்ளை மாளிகைக் குடும்பத்துக்கே போய்விடும். அந்தத் திருத்தத்தை நீக்காமல் தீராது. ஆனால் அந்தச் சிக்கலுக்காக ஏழு லட்சம் பேரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. 2021 ஏப்ரலில் தனி மாநில மசோதா கீழவையில் 216க்கு 208 என்று நிறைவேறியது. செனட் அதை ஓட்டெடுப்புக்கே எடுக்கவில்லை; ஏன் எடுக்கவில்லை என்று எழுந்து கேட்க அங்கே அந்த ஊர்க்காரர் யாரும் இல்லை.