பழைய டிராக்டர் வாங்குமுன்



உத்தியோகத்தை முன்னிட்டு வெளி மாநிலங்களில் வந்து தங்கிவிட்ட நம்மவர் பலருக்கு ஊரில் இன்னும் சிறிதளவு நிலம் இருக்கிறது. தம்பியோ மைத்துனரோ அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் தொலைபேசியில் கேள்வி வரும்: "அண்ணா, வடக்கே பழைய டிராக்டர் மலிவாகக் கிடைக்கிறதாமே?"

எனக்கும் இந்தக் கேள்வி வந்தது. என் தம்பி தஞ்சை மாவட்டத்தில் ஒரு வேலி நிலம் பயிரிடுகிறான். சொந்த உழவு போக, அக்கம்பக்கத்து வயல்களில் வாடகைக்கு உழுதால் கடன் அடைந்துவிடும் என்பது அவன் கணக்கு. அதற்காக மனைவியின் நகைகளை அடகு வைத்துப் பணம் திரட்டியிருந்தான். புதிய டிராக்டருக்கு அத்தொகை போதவில்லை. ஆகவே பொறுப்பு டில்லியில் இருக்கும் என் தலையில் விழுந்தது.

நான் மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். உழவு இயந்திரங்களைப் பற்றிய குறிப்புகள் பலவற்றைத் தமிழாக்கியிருக்கிறேன். மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் டிராக்டர்களைச் சோதிக்கும் மத்திய நிலையம் ஒன்று உண்டு. அதன் அறிக்கைகளையும் படித்திருக்கிறேன். ஆதலால் டிராக்டரைப் பற்றி எனக்குத் தெரியும் என்றே எண்ணியிருந்தேன். சோதனை அறிக்கை கூறுவது புதிய இயந்திரத்தின் திறமையை. பத்து ஆண்டுகள் பிறர் கையில் உழைத்த இயந்திரத்தின் இன்றைய நிலையை எந்த அறிக்கையும் கூறாது. அதை நாமேதான் கண்டறிய வேண்டும்.

பஞ்சாபில் மோகா, தல்வண்டி சாபோ முதலிய ஊர்களில் பழைய டிராக்டர்ச் சந்தைகள் கூடுவதுண்டு. அத்தகைய சந்தை ஒன்றுக்கு ஒரு தை மாதக் காலையில் சென்றேன். அலுவலக நண்பரின் சிற்றப்பா, டிராக்டர் பழுது பார்ப்பதில் முதிர்ந்த சர்தார்ஜி ஒருவர், உடன் வந்தார். சிவப்பு வர்ணம் பளபளக்க நின்ற ஒரு டிராக்டர் என் மனத்தைக் கவர்ந்தது. விலையும் கைக்கு எட்டுவதாக இருந்தது. சர்தார்ஜி வர்ணத்தைப் பார்க்கவில்லை. என்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தார். "பாபுஜி, இந்தக் குளிரில் இது சூடாக இருக்கிறதே! நாம் வருமுன்பே யாரோ கிளப்பி ஓட்டியிருக்கிறார்கள்" என்றார். இரண்டு மணி நேரம் தேநீர்க் கடையில் காத்திருந்துவிட்டு மறுபடி கிளப்பச் சொன்னோம். வெகுநேரம் முனகிய பிறகே என்ஜின் உயிர் பெற்றது. நீலப் புகை சூழ்ந்தது. நாங்கள் வந்த வழியே திரும்பினோம்.

அன்று கற்ற முதற்பாடம் இது: பழைய என்ஜினைக் குளிர்ந்த நிலையிலேயே கிளப்பிப் பார்க்கவேண்டும். சூடான என்ஜின் தன் குறையை மறைத்துவிடும்.

கிளப்புவதற்கு முன்பே சில சோதனைகள் உண்டு. எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். உலோகத் துகள் மின்னினால் உள்ளே உறுப்புக்கள் தேய்கின்றன. ரேடியேட்டர் மூடியையும் குளிர்ந்திருக்கும்போதே திறக்கவேண்டும். சூட்டில் திறந்தால் நீராவி முகத்தில் அடிக்கும். நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அந்த வண்டி வேண்டாம்.

அடுத்தது புகை. தொடர்ந்து நீலப் புகை வந்தால் என்ஜின் எண்ணெய் எரிகிறது. பாரம் இழுக்கும்போது அடர்ந்த கரும்புகை வந்தால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். டீசல் பீச்சும் கருவி கெட்டிருக்கலாம். இவை பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவை. சூடேறிய பின்னும் வெண்புகை நிற்கவில்லையென்றால், டீசல் முழுதும் எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே கசிகிறது. என்ஜின் ஓடுகையில் எண்ணெய் ஊற்றும் மூடியைச் சற்றே திறந்தால் ஆவி குபுகுபுவென்று வெளிவருமாயின், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம்.

என்ஜின் நன்றாயிருப்பது மட்டும் போதாது. எதிரே ஆள் இல்லாத வெட்டவெளியில், பிரேக்கை அழுத்தியபடி உயர்ந்த கியரில் கிளட்சை மெல்ல விடவேண்டும். என்ஜின் நின்றுவிட்டால் கிளட்ச் நன்று. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் அது வழுக்குகிறது. கிளட்சை மாற்ற டிராக்டரையே நடுவில் இரண்டாகப் பிரிக்கவேண்டியிருப்பதால், கூலியும் சேர்ந்து செலவு கனத்துவிடும். கலப்பையையோ ரோட்டவேட்டரையோ மாட்டி உயரத் தூக்கிவிட்டு என்ஜினை நிறுத்துங்கள். சில நிமிடங்களிலேயே அது கீழே இறங்கிவிட்டால் ஹைடிராலிக் பகுதியில் கசிவு உண்டு. இடது, வலது பிரேக்குகளைச் சேர்த்து அழுத்தும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்காமல் நிற்கவேண்டும்.

அந்த டிராக்டர் இதுவரை என்ன வேலை செய்தது என்பதையும் விசாரிக்கவேண்டும். செங்கல், மணல் பாரம் இழுத்த வண்டியில் கொக்கித் துவாரம் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். இரும்புச் சக்கரம் மாட்டிச் சேற்றுழவு செய்த வண்டியில் பின் அச்சின் சீல்கள் வழியே சேறும் நீரும் புகுந்திருக்கலாம். நஞ்சை உழவருக்கு இது மிக முக்கியம். ஓடிய மணிக் கணக்கைக் காட்டும் மீட்டரை நம்பிவிடக் கூடாது. மீட்டரை மாற்றலாம்; தேய்ந்து வழவழத்த கிளட்ச் மிதியை மாற்ற வேண்டுமென்று பலருக்குத் தோன்றாது.

உதிரிப் பாகங்கள் உங்கள் ஊரில் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. ஹரியானாவிலுள்ள பிஞ்சோரில் 1971 முதல் தயாரான எச்.எம்.டி. டிராக்டர்கள் நல்ல பெயர் பெற்றவை. ஆயினும் அத்தொழிற்சாலையை மூட 2016-ஆம் ஆண்டில் அரசாங்கம் முடிவு செய்தது. இத்தகைய வண்டிகளை வாங்குவோர் முதலில் தங்கள் ஊர் மெக்கானிக்கைக் கேட்டுக்கொள்வது நல்லது. நடவுக்கு நாள் நெருங்கியிருக்கும்போது ஒரு சிறு பாகத்துக்காக வண்டி பத்து நாள் நின்றால், போவது அந்தப் பருவத்தின் வாடகை முழுவதுமே அல்லவா?

இனி ஆவணங்கள். வண்டியில் பொறித்துள்ள என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவுச் சான்றிலுள்ள எண்களோடு ஒத்திருக்கவேண்டும். எண் பொறித்த இடம் தேய்க்கப்பட்டிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். டிராக்டர்கள் பெரும்பாலும் கடனில் வாங்கப்படுபவை. சான்றில் வங்கியின் பெயர் இருக்குமானால், கடன் தீர்ந்ததற்கான 35-ஆம் எண் படிவத்தை வங்கியிடமிருந்து பெற்று அப்பதிவை நீக்கியாகவேண்டும். இல்லையேல், விற்றவர் வாங்கிய கடனுக்காக உங்கள் வண்டி பறிபோகும். வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவதாயின், பதிவு செய்த அலுவலகத்திலிருந்து 28-ஆம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று பெறவேண்டும். உரிமை மாற்றத்துக்கு 29, 30 எண்ணுள்ள படிவங்கள் உண்டு. விற்பவர் கையெழுத்தை வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியாகக் கணக்கு. ஒரு வண்டி 3 லட்சம் ரூபாய், மற்றொன்று 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டிக்குப் பின் டயர்கள், கிளட்ச், என்ஜின் பழுது என்று 1 லட்சம் ரூபாய் செலவாகுமானால் மலிவானது இரண்டாவதே. கேட்ட விலையோடு முதற் பருவத்துக்குள் செய்யவேண்டிய செலவையும், கொண்டுசேர்க்கும் லாரி வாடகையையும் கூட்டியே விலையைத் தீர்மானிக்கவேண்டும்.

இவ்வாறு கூட்டிப் பார்த்தபோது, பஞ்சாபிலிருந்து தஞ்சைக்கு வண்டி அனுப்புவதில் எங்களுக்கு லாபம் ஒன்றும் மிஞ்சவில்லை. நான் அறிந்தவற்றை எல்லாம் ஒரு தாளில் எழுதித் தம்பிக்கு அனுப்பினேன். உள்ளூர் மெக்கானிக் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் வர்ணம் மங்கிய ஒரு டிராக்டரை அவன் வாங்கினான். கிளட்ச் வழுக்குவதை விற்பவர் முன்னிலையிலேயே ஓட்டிக் காட்டி, அந்தச் செலவை விலையில் குறைத்துக்கொண்டானாம். குறுவை உழவு முடிந்தபின் அவனிடமிருந்து தொலைபேசி வந்தது. நகைகளில் ஒரு பகுதி திரும்பிவிட்டதாகச் சொன்னான்.

ஊரிலிருந்து உங்களுக்கும் அந்தக் கேள்வி வரக்கூடும். அப்போது மலிவு என்ற சொல்லுக்கு மயங்காமல், குளிர்ந்த என்ஜின்மேல் முதலில் கையை வைத்துப் பாருங்கள்.