வெயிலும் உடன்படிக்கையும்



விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கு நான் முதலிற் கூறும் கணக்கு எளிதில் விளங்கும். ஒரு விடுதியில் 100 மாணவர்கள் இருக்கின்றனர் என வைத்துக்கொள்வோம். சமையற்கூடத்தை நடத்த ஒருவருடன் உடன்படிக்கை செய்துகொள்கின்றனர். அரிசிக்கும் காய்கறிக்கும் உண்டதற்கு ஏற்பத் தனிக் கணக்கு. அதுவன்றி, அடுப்பு, பாத்திரம், ஆள் கூலி ஆகியவற்றுக்காக நாள்தோறும் 3,000 ரூபாய் கொடுத்தாக வேண்டும். உண்போர் 100 பேராயினும் 10 பேராயினும் அத்தொகை மாறாது. தலைக்கு 30 ரூபாய் வீதம் காரியம் இனிதே நடக்கிறது.

சில மாதங்களில் 40 மாணவர்கள் தாமே சிக்கனமாகச் சமைத்துக்கொள்ள வழி கண்டு, பந்தியை விட்டு விலகுகின்றனர். அவர்கள் செய்தது குற்றமன்று. ஆயினும் எஞ்சிய 60 பேர் தலையில் 50 ரூபாய் விழுகிறது. அது கண்டு மேலும் 10 பேர் விலகினால், மற்றவர்க்கு 60 ரூபாய். இறுதியில் பந்தியில் இருப்போர் யார்? தனி அடுப்பு வாங்க வகையற்ற ஏழை மாணவர்களே.

இது கற்பனைக் கணக்கு. ஆனால் 24 கோடி மக்கள் வாழும் அண்டை நாடாகிய பாகிஸ்தானில், மின்சாரத்துறையில் இது உண்மையாகவே நிகழ்ந்திருக்கிறது.

1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அந்நாட்டில் மின்வெட்டு அன்றாட நிகழ்ச்சியாக இருந்தது. ஆலைகள் நின்றன, வீடுகள் இருண்டன. நிலையங்கள் கட்ட அரசாங்கத்திடம் போதிய பணம் இல்லை. ஆகவே 1994-இல் ஒரு கொள்கை வகுத்துத் தனியாரை அழைத்தது. முதலீட்டாளர்கள் உறுதி கேட்டனர். அரசாங்கம் உறுதி அளித்தது. எரிபொருளுக்கு ஒரு கட்டணம். மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், நிலையம் ஆயத்தமாக இருப்பதற்கே மற்றொரு கட்டணம். இந்த இரண்டாவதைத் ‘திறன் கட்டணம்’ எனலாம். நம் விடுதிக் கணக்கின் 3,000 ரூபாய் இதுதான். 1997-இல் இயங்கத் தொடங்கிய, எண்ணெயால் இயங்கும் ஹப் நிலையத்தின் ஒப்பந்தம் 2027 வரை நீண்டது.

பின்னர், சீனத்துடன் கூட்டாக வகுத்த பொருளாதாரப் பாதைத் திட்டத்தின் கீழ் சாஹிவாலிலும் காசிம் துறைமுகத்திலும் தலா 1,320 மெகாவாட் நிலக்கரி நிலையங்கள் எழுந்தன. நிலக்கரி கடல் கடந்து வர வேண்டும். கட்டணத்தின் பெரும்பகுதியோ அமெரிக்க டாலரின் மதிப்பைப் பின்பற்றியது. 2017-இல் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 105 பாகிஸ்தான் ரூபாய். 2024-இல் ஏறக்குறைய 280. ஒப்பந்தத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே சுமை பன்மடங்காயிற்று. எதிர்பார்த்த அளவுக்குத் தேவையும் வளரவில்லை. திறன் கட்டணம் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் கோடி ரூபாயை எட்டியது. 2023 ஆகஸ்டில் மின்கட்டணச் சீட்டுகளைத் தெருவில் எரித்து மக்கள் கிளர்ச்சி செய்தனர்.

அந்த வேளையில்தான் வெயில் துணைக்கு வந்தது. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் மூவர் சிலிக்கனால் ஆன சூரிய மின்கலத்தைச் செய்து காட்டியபோது, அது தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றில் 6 பங்கையே மின்சாரமாக மாற்றியது. இன்றைய தகடுகள் 20 பங்குக்கு மேல் மாற்றுகின்றன. விலையோ மிக வீழ்ந்துவிட்டது. வெயில் மிகுந்த நாட்டில் 1 கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். 2024-ஆம் ஆண்டில் மட்டும் பாகிஸ்தான் ஏறக்குறைய 17,000 மெகாவாட் அளவுள்ள தகடுகளை இறக்குமதி செய்தது. இது அரசாங்கம் தீட்டிய பெருந்திட்டமன்று. இல்லத்தாரும் கடைக்காரரும் உழவரும் ஆலைக்காரரும் தாமே எடுத்த முடிவு.

இச்செய்தியை முதலிற் படித்தபோது நான் மகிழ்ந்தேன். சிக்கல் தீர்ந்தது என்றே எண்ணினேன். பிறகுதான் விடுதிக் கணக்கு நினைவுக்கு வந்தது. கூரையில் தகடு பதித்தவர் பகலில் மின்வாரியத்திடம் வாங்குவது குறைகிறது. இரவில் அதே கம்பியை நாடுகிறார். திறன் கட்டணமோ குறைவதில்லை. சொந்தக் கூரை இல்லாத குடியிருப்போரும், தகடு வாங்கப் பணமில்லாதவரும் அதைச் சுமக்க நேர்கிறது. விலை ஏற ஏற, வசதியுள்ளோர் மேலும் விலகுகின்றனர்.

பழி எவர் மீது? வெயிலைப் பயன்படுத்தியவர் மீது சுமத்துவது நியாயமன்று. வானம் இலவசமாகத் தருவதை ஏற்றவரைக் குற்றவாளி என்னலாகாது. 1994-இல் கையெழுத்திட்டோரை முற்றும் பழிப்பதும் எளிதன்று. இருளில் தவிக்கும் வீட்டினர் விளக்கின் விலையைப் பேரம் பேசுவது அரிது. ஆயினும் தவறு எங்கே என்று காட்டலாம். தேவை குறைந்தால் என்ன, நாணயம் வீழ்ந்தால் என்ன, புதிய கருவி பிறந்தால் என்ன என்ற மூன்று கேள்விகளின் விடையையும் முதலீட்டாளர் தலையில் வைக்காது, மின்சாரம் வாங்கும் மக்கள் தலையிலேயே வைத்துவிட்டனர்.

2024 அக்டோபரில் ஹப் உள்ளிட்ட ஐந்து நிலையங்களுடன் செய்த ஒப்பந்தங்களைக் காலத்துக்கு முன்பே முடித்துக்கொள்வதாக அரசாங்கம் அறிவித்தது. மறுபுறம், வீட்டுக் கூரையிலிருந்து வாங்கும் மின்சாரத்தின் விலையை யூனிட்டுக்கு 27 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கும் யோசனை 2025-இல் எழுந்தது. கடும் எதிர்ப்பும் உடன் எழுந்தது. கம்பிக்கும் கம்பத்துக்கும் உரிய பங்கை அனைவரும் தருவது முறைதான். ஆனால் பழைய ஒப்பந்தத்தின் பிழையையும் அப்பங்கோடு சேர்த்துக் கட்டுவது முறையாகுமா?

உங்களிற் சிலர் நாளை பொறியியலாளராவீர்கள், சிலர் வழக்கறிஞராவீர்கள், ஒரு சிலர் அரசாங்கத்தின் பெயரால் கையெழுத்திடும் இடத்துக்கும் வருவீர்கள். முப்பது ஆண்டு உடன்படிக்கை ஒன்று உங்கள் முன் வைக்கப்படும்போது, அன்றைய இருளை மட்டும் பாராதீர்கள். அதற்குப் பணம் கட்டப்போகிறவர்களுள் பலர் இன்னும் பிறக்கவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். எழுதுகோலை எடுப்பதற்கு முன், பந்தியில் கடைசியாக எஞ்சப்போகும் அந்த ஏழை மாணவனை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.